மூத்த ரஞ்சித்

சாம் மாஸ்டர் பிறப்புச் சான்றிதழை வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு அதை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார், தாளுக்குள் வேறு தேதி ஏதாவது ஒளிந்திருக்கும் என்பதைப் போல. முத்துராஜ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். முதுகில் அடிபட்ட நாளிலிருந்து அவனால் பத்து நிமிஷத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. சாய்ந்துகொள்ள எதுவும் இல்லாததால் மாஸ்டருடைய பைக்கின் சீட்டைப் பிடித்துக்கொண்டான். சீட்டு கொதித்தது.

"முத்துராஜண்ணே, இதுல ரெண்டாயிரத்து ஏழு, மார்ச்சுன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"அப்படின்னா பையனுக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சே. எங்கிட்ட பதினாறுன்னு சொன்னீங்க."

"பதினாறுதான் சார். பேப்பர்லதான் பதினெட்டு."

சாம் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பல்ல. "பன்னெண்டு வருஷமா சின்னப் பசங்களுக்குக் கோச்சிங் குடுக்கறேன். எல்லாரும் வயசைக் குறைச்சு எழுதிக்கினு வருவாங்க. மீசையை மழிச்சிட்டுப் பதினாறும்பான். ஏத்தி எழுதினு வந்த மொத ஆளு நீங்கதான்."

சென்னையில் ஒரு கால்பந்து கிளப்பின் ஜூனியர் அணிக்கு அவர் கோச். போன வருஷம் லைட்ஹவுஸ் குப்பத்துத் திடலில் ஒரு கோடைப் போட்டிக்கு நடுவராக வந்தவர், மணலில் வெறுங்காலோடு ஓடிய முத்துராஜின் மகன் ரஞ்சித்தைப் பார்த்து அப்படியே பிடித்துக்கொண்டார். மணலில் ஓடிப் பழகிய கால் புல்லில் ஓடும்போது எதிரில் நிற்பவனுக்கு யோசிக்க நேரம் இருக்காது என்பார். இந்த வருஷம் ரஞ்சித் ஒன்பது ஆட்டத்தில் பதினான்கு கோல் போட்டிருந்தான். கடைசி இரண்டு ஆட்டத்தை டெல்லியிலிருந்து வந்த ஒருவர் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் கடிதம் வந்தது. பதினேழு வயதுக்குட்பட்ட இந்திய அணிக்கான தேர்வு முகாம். அடுத்த மாதம் இருபதாம் தேதி, சென்னையில். இரண்டாயிரத்து ஒன்பது ஜனவரி ஒன்றுக்குப் பிறகு பிறந்தவர்கள் மட்டும்.

"முகாம் இல்லாங்காட்டி கிளப்பு வெச்சுக்காதா சார்?" என்று கேட்டான் முத்துராஜ்.

"பதினாறு வயசுல இப்படி ஆடினா கிளப்பு கைல வெச்சுக் காப்பாத்தும். சோறு போட்டு, ஹாஸ்டல் குடுத்து, நாலு வருஷம் வளர்க்கும். அதே ஆட்டத்தைப் பதினெட்டுல ஆடினா, நல்லா ஆடற தம்பின்னு முதுகுல தட்டி அனுப்பிடும். ஆட்டம் ஒண்ணுதான். வயசுதான் அதை ஒசத்திக் காட்டுது." அவர் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தார். "நெசமா பதினாறுன்னா பேப்பரை மாத்திக்கினு வாங்க. பேப்பர் இல்லாம என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

சான்றிதழில் பொய் எதுவும் இல்லை. அதுதான் சிக்கல். ரஞ்சித் என்று ஒரு பிள்ளை இரண்டாயிரத்து ஏழு மார்ச்சில் பழவேற்காட்டு ஆஸ்பத்திரியில் பிறந்தது உண்மை. பதினோரு மாதம் இருந்தான். மூன்று நாள் ஜுரம், நாலாம் நாள் விடியலில் செவ்வந்தியின் மடியிலேயே போய்விட்டான். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் புதைத்தார்கள். அந்தச் சாவை எந்த ஆபீஸிலும் போய் எழுதவில்லை. குழந்தைச் சாவுக்கு யார் பஸ் ஏறிப் போய் எழுதிவைக்கிறார்கள்? இரண்டாயிரத்து ஒன்பதில் செவ்வந்திக்கு வலி எடுத்து ஏரியைத் தாண்டும்போது படகிலேயே பிறந்தவன் இவன். தொப்புள்கொடியை அறுக்க வந்த கிழவி போனவனே திரும்ப வந்துவிட்டான் என்றாள். அந்தப் பெயரையே வைத்தார்கள். ஊரில் அப்படி வைப்பது வழக்கம்தான், இன்னும் நாலைந்து வீட்டில் இருக்கிறார்கள். படகில் பிறந்தவனுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு சான்றிதழ் இருந்தது. அதே பெயர், அதே அப்பன், அதே அம்மா. இன்னொன்று எதற்கு என்று விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அதைக் காட்டினார்கள். இரண்டு வருஷம் லேட்டாகச் சேர்க்கிறீர்களே என்று ஹெட்மாஸ்டர் திட்டினார். முத்துராஜ் தலையைச் சொறிந்தான். ஆதார் அதை வைத்துத்தான் வந்தது.

அதோடு நின்றிருந்தால் கூடப் பரவாயில்லை.

ஏரியில் இறால் ஓடுகிற இடங்களை ஊரார் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். உன் முறை வரும் நாளில் நீ கழி ஊன்றி வலை கட்டலாம். மற்ற நாளில் கரையில் நின்று பார்க்கலாம். அந்த முறைக்குப் பெயர் பாடு. பதினெட்டு முடிந்த ஆண்பிள்ளைக்குத்தான் சீட்டில் பெயர். தண்ணீரில் இறங்க முடியாதவன் பெயரை எடுத்துவிடுவார்கள். மூன்று வருஷத்துக்கு முன் முகத்துவாரத்தில் அலை தூக்கி அடித்து ஃபைபர் படகின் விளிம்பில் முத்துராஜின் முதுகு மோதியது. பெயர் போனது. இரண்டு வருஷம் செவ்வந்தி அடுத்தவன் இறாலைத் தரம் பிரித்துக் கூலி கொண்டுவந்ததில் அடுப்பு எரிந்தது. போன பங்குனியில் சீட்டுப் போடும்போது முத்துராஜ் அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போய் ஊர்த் தலைவர் குப்பன் முன்னால் வைத்தான். பையனுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது என்றான். குப்பன் தாளைப் பார்த்தார், அவன் முதுகைப் பார்த்தார், பெயரை எழுதிக்கொண்டார். அன்று யாரும் விரலை மடக்கி எண்ணவில்லை.

இப்போது எண்ணினார்கள்.

கோயில் முன்னால் ஊர் கூடியது. இறந்ததற்கு ஒன்று, பிறந்ததற்கு ஒன்று என்று இரண்டு கடிதம் ஊரார் கையெழுத்தோடு வேண்டும் என்று முத்துராஜ் கேட்டான். குப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எழுதித் தரோம். மொதப் புள்ள செத்தது நெசம். குழி தோண்டினதே நான்தான். ஆனா முத்து, நாங்க கையெழுத்துப் போட்டா உம்புள்ளைக்குப் பதினாறு. பதினாறுக்குப் பாடு கெடையாது. பொய் சொல்லிப் பாடு எறங்கின ஊட்டுக்கு இன்னா கட்டுப்பாடுன்னு உனக்கே தெரியும்."

"அஞ்சு வருஷம் சீட்டு இல்ல," என்றான் முத்துராஜ்.

"நீ வாலிபத்துல கூட்டத்துல குந்திக்கினு கைதூக்கின சட்டம்தான்."

பின்னாலிருந்து கார்த்திக் எழுந்தான். சீட்டில் ரஞ்சித்துக்கு அடுத்த பெயர் அவனுடையது. "இன்னா மாமா, கணக்கு நல்லாகீதே. எறா புடிக்க ஒரு வயசு, பந்து ஒதைக்க ஒரு வயசா? நாளைக்குக் கண்ணாலத்துக்கு எந்த வயசக் காட்டுவே?"

கூட்டம் சிரித்தது. முத்துராஜும் சிரித்தான். சிரிக்காமல் நின்றால் கீழே விழுந்துவிடுவான் போலிருந்தது.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லு," என்றார் குப்பன். "பாடா, பந்தான்னு."

செவ்வந்தி வாசலில் இறால் பிரித்துக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் வெளுத்துத் தோல் உரிந்திருந்தன. அவன் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை அவள் தலையைத் தூக்கவில்லை.

"எழுதச் சொல்லு," என்றாள்.

"அஞ்சு வருஷம்டீ. இன்னாத்த துன்றது?"

"இப்ப மட்டும் இன்னா விருந்தா துன்னுக்கினு கீறோம்? நீ எறங்க மாட்டே. அவன் எறங்கினா உன்ன மாதிரியே ஒரு நாளு முதுவ ஒடச்சிக்கினு வருவான். அந்தப் பந்தாவது அவன இந்தத் தண்ணில இருந்து இஸ்துக்கினு போவட்டும்."

"அது இல்ல செவ்வந்தி. பெரியவன் செத்துட்டான்னு எழுதணும். நீ கைநாட்டு வெக்கணும்."

"செத்தவன செத்தான்னு எழுதறதுக்கு இன்னாத்துக்கு மூஞ்ச அப்படி வெச்சுக்கினு கீறே? எழுதினா இன்னொரு தபா சாவப் போறானா?"

சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். கை பழையபடி வேகமாகத்தான் ஓடியது. முத்துராஜ் பார்த்துக்கொண்டே இருந்தான். பெரிய இறால் கூடையில் அவள் பொடி இறாலைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றிரண்டு அல்ல. கை கையாக.

ரஞ்சித் சாயங்காலம் வந்ததும் சொன்னார்கள். தனக்கு முன்னால் ஒருவன் பிறந்து இறந்தான் என்பது அவனுக்கு அரைகுறையாகத் தெரியும். தான் இத்தனை நாள் அவனுடைய வயதில் இருந்தது தெரியாது. விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான். பிறகு அவன் முகம் முழுக்கச் சிரிப்புப் பரவியது.

"அப்ப எனக்குப் பதினாறுதானா நைனா? ரெண்டு வருஷம் சும்மாவே கெடச்சிருக்கா? இந்த வருஷம் பதினேழுக்குள்ள, அப்புறம் இருவதுக்குள்ள மூணு வருஷம்... கிளப்புப் பசங்க எனக்கு லேட்டு லேட்டுன்னு சொல்லிக்கினே இருப்பானுங்க. லேட்டே இல்ல நைனா!"

அவன் சந்தோஷத்தைப் பார்க்க முத்துராஜுக்குப் பயமாக இருந்தது. அது அவ்வளவு பெரிதாக இருந்தது. வைக்க வீட்டில் இடம் இல்லை.

"பாடு போவுது," என்றான்.

"அடுத்த மொறை யாருக்கு?"

"கார்த்திக்குக்கு. கழியெல்லாம் நம்முது. நாளைக்கே புடுங்கணும்."

மறுநாள் காலையில் பையன் தனியாகப் போய் இடுப்பளவு தண்ணீரில் நின்று கழிகளை அசைத்து அசைத்துப் பிடுங்கினான். கரையில் பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஏரியின் அடியில் மட்டி ஓடு கத்தி மாதிரி கிடக்கும். இதுவரை எத்தனையோ தடவை அவன் கால் கிழிந்திருக்கிறது, சுண்ணாம்பு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இன்று முத்துராஜ் தண்ணீர் ஓரம் வரை போனான். "டேய், ஷூ போட்டுக்கினு எறங்குடா! அந்தப் பந்து ஷூவப் போட்டுக்கோ!" என்று கத்தினான். கரை முழுக்கச் சிரித்தது. ஷூ போட்டுக்கொண்டு ஏரியில் இறங்கும் மீனவனை அவர்கள் பார்த்ததில்லை. ரஞ்சித் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசிக் கழியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தபோது முத்துராஜ் மணலில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் புரட்டிப் பார்த்தான்.

ஊர்க் கடிதங்களோடு பிறப்பு இறப்பு எழுதுகிற ஆபீஸுக்குப் போனார்கள். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த அம்மா கெட்டவள் அல்ல. பொறுமையாகத்தான் சொன்னாள். "ரெண்டையும் ஒண்ணா போட முடியாதுங்க. ரெக்கார்டுல ரஞ்சித் உயிரோட இருக்காரு. முதல்ல அவர் இறக்கணும். இறப்பு ஆர்டர் வந்தப்புறம்தான் இவர் பிறப்பை விசாரிக்க முடியும்."

"இருவதாந்தேதிக்குள்ள வருமாம்மா?"

"எழுதிக் குடுங்க. பார்ப்போம்."

முத்துராஜ் பதினோரு தடவை பஸ் ஏறினான். ஒவ்வொரு தடவையும் நிற்க முடியாமல் கைப்பிடியில் தொங்கினான். விசாரிக்க வந்தவரைத் தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனான். எந்த இடம் என்று கேட்டார். மணல் நகர்ந்துவிட்டிருந்தது. ஏதோ ஒரு மரத்தைக் காட்டினான். பத்தொன்பதாம் தேதி மத்தியானம் ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். பிறப்பு ஃபைல் மேலே போயிருக்கிறது, அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள்.

பாடு போயிற்று. கையில் இருந்தது இந்த ஒரு தாள்தான். இருபதாம் தேதி காலை அதையும் ஊர்க் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அப்பனும் மகனும் முதல் ரயிலில் சென்னைக்குப் போனார்கள்.

மைதானத்தின் வாசலில் மேஜை போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். உள்ளே பச்சைப் புல். புது ஷூ போட்ட பையன்கள் வரிசையாகக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். சாம் மாஸ்டர் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். ராத்திரி தூங்காத முகம். ஏற்கெனவே பேசிப் பார்த்திருந்தார் என்று தெரிந்தது.

"பர்த் சர்டிபிகேட்?"

முத்துராஜ் தாளை நீட்டினான். மேஜைக்காரர் படித்தார். புருவம் சுருங்கியது.

"இது டெத் சர்டிபிகேட்டுங்க."

"ஆமா சார். இதுதான் மொதல்ல வரும்னாங்க. பொறந்தது அடுத்த மாசம் வரும்."

"இறந்தவர் பெயர் ரஞ்சித். தகப்பனார் முத்துராஜ். தாயார் செவ்வந்தி." அவர் நிமிர்ந்து பையனைப் பார்த்தார். "தம்பி, உன் பேரு?"

"ரஞ்சித் சார்."

அவர் தாளை மேஜைமேல் வைத்தார். காற்றில் பறக்காமல் ஒரு கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டு, மறு கையால் ஃபோனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபக்கம் எடுக்கவில்லை. சாம் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மறுபடி நம்பரை அழுத்தினார்.

உள்ளே மைதானத்தின் நடுவில், வாசலில் நடப்பது எதுவும் தெரியாத ஒருவர், பழைய பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தார். கூப்பிட்டவன் ஓடிப்போய்ச் சிவப்பு பனியனோ மஞ்சள் பனியனோ வாங்கிக்கொண்டான். பனியன்கள் குறைந்துகொண்டே வந்தன.

"ரஞ்சித்! ஃபார்வர்ட், ரஞ்சித்!"

யாரும் அசையவில்லை. மேஜைக்காரரின் கை தாளின்மேல் அப்படியே இருந்தது. போ என்று சொல்லவில்லை. நில் என்றும் சொல்லவில்லை. ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே இருந்தவர் மீதமிருந்த ஒரே மஞ்சள் பனியனைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டி இன்னொரு தடவை அந்தப் பெயரைக் கூப்பிட்டார். முத்துராஜ் கீழே பார்த்தான். பையனின் இடது குதிகால் மண்ணைவிட்டு எழும்பியிருந்தது.