நமுத்த பெட்டிக்குள் நாற்பத்தெட்டு வெடிகள்

கனகசபாபதி அண்ணாச்சிக்குத் தன் சரக்கைவிட, அதைப் பார்க்கிற கண்கள் மேல்தான் கவலை. அந்த ஆண்டு புதிதாகச் செய்த நாற்பத்தெட்டு வகை வெடிகளையும் சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் தன் பட்டாசு ஆலைக்குத் தள்ளி ஒரு பொட்டலில் ஒவ்வொன்றாகக் கொளுத்தினார்கள். சாத்தூர் மாரிசெல்வி அதை இரண்டு மாலைகளில் படம்பிடித்தாள். பெட்டியின் மேலிருக்கும் கியூஆர் கோடைப் போனில் காட்டினால் அந்தப் படம் ஓட வேண்டும். பெட்டிகள் அச்சாகி வந்துவிட்டன. மாதிரிக்குச் செய்ததோ ஒவ்வொன்றிலும் ஒன்று, கொளுத்தியது கொளுத்தியதுதான்.

படம்பிடித்து முடித்ததும் அவள் ஆபீசில் லேப்டாப்பைத் திறந்து, கேமரா கார்டுகளைச் சொருகி, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை மாட்டினாள். அவளிடமிருந்த சாப்ட்வேர் இரண்டிலும் ஒரே நேரத்தில் காப்பி எடுக்கும். எடுத்ததை மூலத்தோடு ஒப்பிட்டு, இம்மியும் பிசகவில்லை என்றால்தான் பச்சைக் குறி போடும். பச்சை விழாமல் மாரிசெல்வி ஒரு கார்டையும் அழித்ததில்லை.

அண்ணாச்சி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஏம்மா, ஒரு டிஸ்க் போதாதா? ரெண்டாவது எவனுக்கு?"

எவன் என்று அவர் கேட்டது தம்பி மகேஷ்குமாரை நினைத்து. பாகம் பிரிந்து ஆறு வருடமாகப் பேச்சில்லை. தம்பி தனிக் கம்பெனி போட்டு இறக்கிய 'சிரிக்கும் சிங்கம்' பட்டாசு சீசனுக்குச் சீசன் பிய்த்துக்கொண்டு போனது. அந்தப் பெயரை இந்த ஆபீசில் வாய்தவறிச் சொன்ன லோடுமேன் ஒருவரை அண்ணாச்சி இரண்டு நாள் வீட்டில் உட்கார வைத்திருந்தார்.

"உங்க ஆலையில எத்தன ரூம் அண்ணாச்சி?" என்று கேட்டாள் மாரிசெல்வி.

"முப்பத்தாறு."

"ஒரே ஹாலா கட்டிருந்தா சுவரு மிச்சமாயிருக்குமே."

ஒரு ரூம் வெடித்தாலும் மற்றது தப்பத்தான் தனித்தனிச் சுவர் என்பது அண்ணாச்சிக்குத் தெரியாததா? இறங்கி வந்தார். ஆனால் நிபந்தனைகளோடு. ஒரு டிஸ்க் அவரிடம் இருக்கும். அவள் கொண்டுபோகிற டிஸ்க்குக்கு அவர்தான் பாஸ்வேர்டு போடுவார். கார்டுகளை அவர் கண்முன்னாலேயே அழிக்க வேண்டும். எல்லாம் பச்சையான பிறகு அவள் அழித்தாள். அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, ஒற்றை விரலால் வெகுநேரம் தட்டினார்.

"ஏழு சென்மம் எடுத்தாலும் எவனும் கண்டுபிடிக்க மாட்டான்" என்றார். தன் டிஸ்க்கை எங்கே வைக்கப்போகிறார் என்று மட்டும் மூச்சுவிடவில்லை.

ஆடிக் கடைசி வெள்ளி. விஜயவாடா வியாபாரிகள் பதினொரு மணிக்கு வந்து, பெட்டியைப் போனில் காட்டிப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தம்பி பார்த்துவிடுவான் என்று அன்று காலை வரை படத்தை நெட்டில் ஏற்ற அண்ணாச்சி விடவில்லை. அவரோ இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். வேறு வழியில்லாமல் மனைவி சொர்ணலட்சுமிக்குப் போன் போட்டு ரகசியத்தை உடைத்தார். டிஸ்க் ஆபீஸ் கொல்லையில் கிடக்கும் நமுத்த வெடிப் பெட்டிக்குள் இருக்கிறது. எந்தத் திருடன் நமுத்த வெடியைத் தொடுவான்?

சொர்ணலட்சுமியும் படத்தை ஏற்ற வந்திருந்த மாரிசெல்வியும் கொல்லைக்கு ஓடினார்கள். பெட்டி இல்லை. போர்மேன் ஊர்க்காவலன் பெருமையாகத் தொட்டியைக் காட்டினார். இன்ஸ்பெக்ஷன் வருகிறதென்று ஒரு பேச்சு. அதனால் வழக்கமான சனிக்கிழமை வரை காத்திருக்காமல், நமுத்தது அத்தனையையும் முந்தின நாளே முறைப்படி தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டார்.

"கறுப்பா ஒண்ணு மட்டும் டபக்குனு முங்குச்சுக்கா. மொதலாளி புது ஐட்டம்னு நெனச்சேன்."

மாரிசெல்விக்குத் தெரியும். அண்ணாச்சி ஒளித்த இடம் தப்பு என்று ஒருத்தரும் சொல்லப்போவதில்லை. சாத்தூர்க்காரி எடுத்த படம் போச்சு என்றுதான் சிவகாசி முழுக்கப் பேச்சாகும்; அடுத்த சீசனுக்கு ஒரு கம்பெனியும் கூப்பிடாது. பையிலிருந்த தன் டிஸ்க்கை எடுத்து மாட்டினாள். அது பாஸ்வேர்டு கேட்டது. மணி பத்தே முக்கால்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அந்தப் பக்கம் ஒரே மேளமும் குலவையும். பாஸ்வேர்டைக் கேட்டாள். வந்து தானே தட்டுவதாகச் சொன்னார். வியாபாரிகள் திருத்தங்கல் தாண்டிவிட்டார்கள் என்று சொர்ணலட்சுமி சொன்னாள். அவர் ஏதோ முணுமுணுத்தார். கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். மேளம் விழுங்கிவிட்டது.

"அண்ணாச்சி, சத்தமாச் சொல்லுங்க. இங்கன எங்க மூணு பேரத் தவிர ஆளில்ல."

"அங்கன இல்லம்மா. இங்கன ஆளு இருக்கு" என்றார் அவர். பிறகு மூச்சை இழுத்து, வரிசையில் நின்ற அத்தனை சனத்துக்கும் கேட்கும்படி கத்தினார்.

"சிரிக்கும் சிங்கம்!"

சொர்ணலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாரிசெல்வி தட்டினாள். நாற்பத்தெட்டுப் படமும் வரிசையாக வந்து நின்றன. போனை வைக்கப்போன நேரத்தில், அதே வரிசையில் முன்னாலிருந்து இன்னொரு குரல் கேட்டது.

"என்னண்ணே, நம்ம சரக்கா கேக்கிறீக? மொத்தமா வேணுமா, சில்லறையா?"

போன் அணைந்தது.

மாரிசெல்வி படங்களை நெட்டில் ஏற்றினாள்; வியாபாரிகள் பெட்டியைப் போனில் காட்டிப் பார்த்தார்கள், மூன்று லாரி லோடுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் ஆபீஸ் வாசலில் தம்பி கம்பெனி வண்டி வந்து இரண்டு பெட்டி சிரிக்கும் சிங்கத்தை இறக்கியது. கோயிலிலிருந்து திரும்பியிருந்த அண்ணாச்சி வாசலுக்கு வந்தார்.

ஊர்க்காவலன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மொதலாளி, தொட்டியில போட்டுரவா?"

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒண்ண வீட்டுக்குக் கொண்டு போ. ஒண்ண குடோன்ல வை. ரெண்டையும் ஒரே எடத்துல வைக்காதலே."