திரைக்கு முதுகு

எங்கள் கூட்டத்தில் ஒரு படத்தைச் சிபாரிசு செய்தவர், அன்றைக்கு அதைப் பார்க்க முடியாது. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பார்ப்பவர்களின் முகங்களைப் பார்த்தபடி உட்கார வேண்டும். படம் முடிவதற்குள் ஒருவர் எழுந்துவிட்டாலும் படம் தோற்றது. புதிதாக வந்தவரின் முதல் படம் தோற்றால், அடுத்த ஞாயிறு முதல் அவருக்கு நாற்காலி இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், புதிதாக வந்தவள் நான்.

பெரியம்மா மகளான அக்கா வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில்தான் கூடுவோம். கண் பரிசோதிக்கும் நீளமான அறை. ஜன்னல்களில் ஏற்கெனவே கறுப்புத் துணி. எழுத்துப் பலகையைக் கழற்றிவிட்டால் அப்பழுக்கில்லாத வெள்ளைச் சுவர். ஞாயிறு விடுமுறை, சாவி அக்காவிடம். அங்கே கூடும் நான்கு பேருக்கும் ஒரே பைத்தியம். நல்லவன் கதை அவர்களுக்கு ஆகாது.

"ஹீரோ முதல் சீன்லயே கிழவியக் கையப் பிடிச்சு ரோடு தாண்ட வச்சான்னா எனக்குக் கொட்டாவி வந்துரும்" என்பார் லென்ஸ் அண்ணன். கீழே பட்டறையில் லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்ப வெட்டுபவர்.

பல் டாக்டரம்மாவுக்கு வேறு காரணம். "என் நாற்காலியில வாயைத் திறந்துட்டு உக்காரும்போது எல்லாரும் நல்லவங்கதான். பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு."

நான்காமவர் கார் ஓட்டக் கற்றுத்தருபவர். பக்கத்து இருக்கையில் தனி பிரேக்கோடு பல வருஷம் உட்கார்ந்தவர் என்பதால், படம் சூடுபிடித்தால் அவருடைய கால் தானாகத் தரையை அழுத்தும். பிரேக் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கால் அசையாத படம் ஜெயித்தாலும் ஜெயித்ததாகாது.

நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். அதனால் அங்கே என் பெயர் மாத்திரை. இருமல் மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று, மொழிபெயர்ப்பு நாவல்களில் பனி பெய்யும் ஊர்களுக்குப் போய்வருவேன். அந்த ஊர்களின் பொய்யர்களும் கோழைகளும் எனக்கு உறவுக்காரர்கள் மாதிரி. "கொலைகாரனுக்கெல்லாம் பாவம் பாக்குறா, கழுவாத பாத்திரத்துக்குப் பாக்க மாட்டேங்கிறா" என்பது வீட்டில் அம்மாவின் புலம்பல். அவர்களைப் பற்றி வாய் வலிக்கப் பேச எனக்குக் கிடைத்த ஒரே இடம் அந்த மாடி. அதை இழக்க என்னால் முடியாது.

இத்தனைக்கும், நான் சிபாரிசு செய்த படத்தை நான் பார்த்ததே இல்லை!

நாவலைப் படித்திருந்தேன். மறுபடி மறுபடி. ஒரு பூட்டுக்காரன். வாடிக்கையாளர்களின் சாவிக்கு நகல் எடுக்கும்போது தனக்கும் ஒன்று செய்துகொள்வான். ஆள் இல்லாத பகலில் அந்த வீடுகளுக்குள் போவான். எதையும் திருட மாட்டான். சோபாவில் உட்கார்ந்துவிட்டு வருவான். அவ்வளவுதான். போகப்போக, தான் அந்த வீட்டு ஆள்தான் என்று நம்பத் தொடங்குவான். அது படமாகவும் வந்திருப்பது தெரிந்ததும் துள்ளிக் குதித்தேன். ஆனால் பார்க்க மனசு வரவில்லை. அவனுக்கென்று என் மனதில் ஒரு முகம் இருந்தது. அதை யாரோ ஒரு நடிகருக்குத் தூக்கிக் கொடுப்பதா? எப்படியும் முதுகைக் காட்டித்தானே உட்காரப்போகிறோம், கதைதான் தெரியுமே என்று துணிந்துவிட்டேன்.

விளக்கை அணைக்குமுன் அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "யாருக்கு இந்தப் படம்?"

அதற்கு ஒரே வரியில்தான் பதில் சொல்ல வேண்டும். வாரம் முழுக்க மெருகேற்றியிருந்தேன். "அடுத்தவங்க வீட்டு ஜன்னல் வெளிச்சத்தப் பாத்து, ஒரு நிமிஷம் தெருவுலயே நின்னவங்களுக்கு."

"வரி பிரமாதம்" என்றார் பிரேக் சார். "படம் எப்படின்னு பாப்போம்."

படம் ஓடத் தொடங்கியது. எனக்குப் பின்னால் புரியாத மொழி. எதிரே நான்கு முகங்களில் நீல வெளிச்சம். சாவி திரும்பும் ஓசை கேட்டது. ஆகா, முதல் வீடு! நாவலில் அந்த இடத்தில் என் உள்ளங்கை வியர்த்தது. இங்கே லென்ஸ் அண்ணன் சிரித்தார். டாக்டரம்மாவும் சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

பிறகு தண்ணீர் ஓடும் சத்தம், மறுபடி சிரிப்பு. ஆறு! நாவலின் கடைசியில் அவன் எல்லாச் சாவிகளையும் ஆற்றில் எறிவான். அதற்குள்ளாகவா? நடுவில் பாதிக் கதை எங்கே போயிற்று? தண்ணீர் நின்றது. மறுபடி ஓடியது. இது எந்த ஊர் ஆறு, நின்று நின்று ஓடுகிறது?

அப்போது டாக்டரம்மாவின் போன் அதிர்ந்தது. அவர் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழப்போனார். கண்கள் என் தலைக்கு மேல் திரையிலேயே ஒட்டியிருக்க, போனுக்குள் கிசுகிசுத்தார். "உப்புத் தண்ணியில கொப்புளிங்க. நாளைக்குப் பிடுங்கிரலாம்." அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதன்பின் ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா துப்பட்டா நுனியைக் கடித்தாள். கடைசியில் மறுபடி சாவியின் ஓசை. ஒரு முறை. இன்னொரு முறை. திரும்பவில்லை போலும். பிரேக் சாரின் கால் தரையை அழுத்தியது. அழுத்திய கால் எழவேயில்லை.

விளக்கு வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அடிப்பாவி, எங்கேடி பிடிச்ச இதை?" என்றாள் அக்கா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "சொன்னேன்ல! கடைசியில அந்தச் சாவியெல்லாம் ஆத்துல தூக்கிப் போடுவான் பாருங்க, அந்த இடத்துல நான்..."

"எந்த ஆறு?" என்றார் பிரேக் சார்.

"தண்ணி ஓடுச்சே..."

"அது குழாய்மா. அடுத்தவன் வீட்ல புகுந்து பாத்திரம் கழுவுறான். அதுக்குத்தான் சிரிச்சோம். கடைசியில தன் வீட்டுக்கு வர்றான், அவன் சாவி அவன் பூட்டுக்கே சேரல. உள்ள இருந்து ஒருத்தன் கதவத் திறந்து, யார் வேணும்னு கேக்குறான்." அவர் என்னை உற்றுப் பார்த்தார். "மாத்திரை... நீ படத்தப் பாக்கவே இல்ல."

உண்மையைச் சொன்னேன். புத்தகத்தையும், அந்த முகத்தையும் பற்றி. சொல்லும்போதே என் நாற்காலி போய்விட்டது என்று முடிவுகட்டிக்கொண்டேன். கூடவே, உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன் சாவி தன் பூட்டுக்கே சேரவில்லையா! என் நாவலைவிட நல்ல முடிவாக இருக்கிறதே!

"பாக்காத படத்த எங்க தலையில கட்டிட்டு, நல்ல பிள்ளையாட்டம் உக்காந்திருந்தியா?" டாக்டரம்மாவின் உதடு துடித்தது. கோபம் என்று நினைத்தேன். சிரிப்பு. "இவளுக்கு மேல ஒரு கெட்டவ நமக்கு எங்க கிடைப்பா?"

"விதி விதிதான். யாரும் எந்திரிக்கல, படம் ஜெயிச்சிருச்சு" என்றார் லென்ஸ் அண்ணன். "ஆனா தண்டனை உண்டு."

நான்கு நாற்காலிகளும் கரகரவென்று திரும்பின. நால்வரும் திரைக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அறையின் பின்பக்கம் இழுத்துப்போட்ட என் ஒற்றை நாற்காலி மட்டும் திரைச் சுவரைப் பார்த்தது.

"கண்ண மூடுனா எந்திரிச்சதாத்தான் கணக்கு" என்றாள் அக்கா. விளக்கு அணைந்தது. படம் முதலிலிருந்து மறுபடி ஓடியது.

சுவரில் ஒரு கதவு. அதன் முன் ஒருவன் முதுகு. சாவியை நுழைத்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று அவன் மெல்லத் திரும்பினான்.

நான் நினைத்திருந்த முகம் இல்லை. சாதாரண முகம். மருந்துக் கடையில் தினமும் வந்து நிற்கும் முகம்.

"பாருங்க சார்" என்று லென்ஸ் அண்ணன் இருட்டில் கிசுகிசுத்தார். "அவ கால!"

குனிந்து பார்த்தேன். என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.