ஒன்பது மணிக்கு மேல வாங்க

எங்க டாக்டர் எல்வினுக்கு இந்த வயசுல ஒரு ஆசை வந்துச்சு. நெட்வொர்க் டாக்டர் ஆவணுமாம். இன்சூரன்ஸ் கம்பெனியோட ஆஸ்பத்திரி வரிசையில நம்ம க்ளினிக் பேரும் வரணும், பேஷண்ட் கார்ட நீட்டினா போதும், துட்டு கம்பெனியிலேர்ந்து வந்துடும். எப்போ வரும்னு கேட்டேன். "லவினா, நீ எப்பவும் இப்படித்தான்"னாரு. அவர்கிட்ட நர்ஸா சேந்த நாள்லேர்ந்து இப்படித்தான் கீறேன், இதுல புதுசா இன்னா கீது.

ஆசையில தப்பு சொல்ல மாட்டேன். தங்க மைன் மூடின அப்புறம் ஊர்ல பாதிப் பேரு பெங்களூருக்கு ரயில்ல போய் வேலை பாக்கறாங்க. எல்லார்கிட்டயும் வேலை பாக்கற எடத்துல குடுத்த இன்சூரன்ஸ் கார்டு. கொஞ்சம் பெருசா ஏதாச்சும் வந்தா கார்டு செல்லுற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடறாங்க. பகல்ல எங்களுக்கு மிஞ்சினது பென்ஷன்காரங்களும் அவங்க இருமலும். இப்படியே போனா க்ளினிக்க மூட வேண்டியதுதான்னு டாக்டர் சொன்னப்ப எனக்கும் பயந்தான். இந்த வயசுல எனக்கு வேற எவன் வேலை குடுப்பான்?

ஆசைய ஊதி வளத்தவர் டாக்டரோட மாப்பிள்ளை ரூபேஷ். பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. எதக் கேட்டாலும் "ப்ராசஸ்"னு ஒரே பதில். ஜெபம் பண்ணாகூட ஆமென் சொல்றதுக்கு முன்ன மேலிடத்துல அப்ரூவல் வாங்கணும்பாரு.

இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு மாசம் ட்ரையல் குடுத்துச்சு. ஒத்து வந்தா கையெழுத்து, இல்லாட்டி விட்டுடலாம். கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு. க்ளினிக் காலைல ஒன்பதிலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும்தான். அதுக்கு வெளிய யாரையும் தொடக் கூடாது. ஏன்னா அப்ரூவல் குடுக்கிற மேடம் வீடியோல வந்து உக்கார்றது அந்த நேரத்துலதான். முன்னாடியே வந்துட்ட நோய் ஓரமா உக்காந்து காத்துக்கினு இருக்கணும்.

இங்கதான் எனக்கு ஒத்துக்கல. சாம்பியன் ரீஃப் ஸ்டேஷன் பக்கத்துல விடியறதுக்கு முன்ன லைட் போடற க்ளினிக் எங்களுது. டாக்டரோட அப்பா காலத்துல, மைன் குழிக்குள்ள, ஷாஃப்ட்ல எறங்கப் போறவங்களுக்காக அந்த நேரத்துல தொறந்தாங்க. ஷாஃப்ட்ட மூடிட்டாங்க, ஷிஃப்ட்ட யாரும் மூடல. அதே வூட்டுப் பிள்ளைங்க அதே நேரத்துல இப்போ ரயிலுக்கு ஓடறாங்க, போற வழியில ஒரு ஊசி, ஒரு மாத்திரை. அத நாங்க இன்னும் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுன்னுதான் சொல்றோம்.

"டாக்டர், கார்டு வச்சிருக்கறவங்க எல்லாரும் ஒன்பது மணிக்கு பெங்களூர்ல கீறாங்க. இங்க கீறவங்ககிட்ட கார்டு இல்ல. நாம யாருக்குத் தொறக்கறோம்?"

டாக்டர் மாப்பிள்ளையப் பாத்தாரு. "டிரெண்ட் மாறும் ஆன்ட்டி"னாரு ரூபேஷ்.

"ரயில் டைம் மாறுமா தம்பி?"

அதுக்கும் ஒரு ப்ராசஸ் கீதான்னு ரூபேஷ் லேப்டாப்பத் தொறந்தாரு.

ட்ரையல் ஆரம்பிச்சுது. ஏசி வந்துச்சு. செவுத்துல ஒரு குடும்பப் படம் மாட்டினாங்க, எல்லாரும் பல்லு தெரியச் சிரிக்கிறாங்க, ஒருத்தருக்குக்கூட சளி புடிச்ச மாதிரி தெரியல. வாசல்ல "ஒன்பது மணிக்கு மேல வாங்க"ன்னு போர்டு. அந்த வாரம் ஏசிக் காத்து வாங்கினது நான், டாக்டர், அந்தக் குடும்பம். சாயங்காலம் ரயில் வந்து சேரச்சொல்ல நாங்க ஷட்டர எறக்கியிருப்போம்.

அப்புறம் ஒரு நாள் விடியக்காலம் ஷட்டர யாரோ தட்டினாங்க. க்ளினிக் பின்னாடி ரூம்தான் எனக்கு. தொறந்தா சுனிதா, பழைய மைன் குடியிருப்பு ஸ்கெலட்டன் லைன்ல இருக்கிற பொண்ணு, பெங்களூர்ல வேலை. தோள்ல சாஞ்ச மாதிரி அவ அம்மா சரோஜம்மா. அந்தம்மாவுக்கு இழுப்பு நோய். நெஞ்சு கூடு மேல போய் மேல போய் வருது, ஒதடு கறுத்துப் போயிருக்கு.

"சிஸ்டர், என் கார்டுல அம்மா பேரும் கீது. வர்ற ரயில விட்டா எனக்கு இன்னிக்கு வேலை இல்ல. நான் போவட்டுமா, வேணாமா?"

மாடி வூட்டுலேர்ந்து டாக்டர் லுங்கியோட எறங்கி வந்தாரு. பின்னாடியே லீவு போட்டு வந்திருந்த ரூபேஷ்.

"மாமா, ட்ரையல்ல இருக்கோம். அப்ரூவல் இல்லாம தொட்டா மொத்தமும் கேன்சல். கால் பண்ணிப் பாருங்க."

டாக்டர் போன எடுத்தாரு. ஸ்பீக்கர்ல ஒரு பொண்ணு தேன் மாதிரி பேசுச்சு. உங்கள் நலமே எங்கள் மகிழ்ச்சி, தமிழுக்கு ஐந்தை அழுத்தவும். அழுத்தினாரு. எங்கள் அலுவலக நேரம் காலை ஒன்பது மணி முதல், மீண்டும் கேட்க பூஜ்யத்தை அழுத்தவும். எங்க டாக்டர், எம்.பி.பி.எஸ். படிச்ச மனுஷன், பூஜ்யத்த அழுத்தினாரு. அந்த நிமிஷம் அவரப் பாத்து எனக்கு வந்த கோவம் கொஞ்ச நஞ்சம் இல்ல.

"டாக்டர்"னேன். "அடிபட்டவன ஷாஃப்ட்லேர்ந்து மேல தூக்கினு வரச்சொல்ல கேஜ் லிஃப்ட்ல யாராவது டோக்கன் கேட்டாங்களா?"

அவர் சரோஜம்மாவோட ஒதட்டப் பாத்தாரு. போன மேசை மேல வச்சாரு. "மாஸ்க்க எடு லவினா. சுனிதா, நீ கெளம்பு, அம்மாவ நான் பாத்துக்கறேன்."

மாஸ்க் வழியா மருந்துப் புகை உள்ள போச்சு. டாக்டர் ஊசி போட்டுட்டு அந்தம்மா கையப் புடிச்சுக்கினே உக்காந்திருந்தாரு. போன்ல அந்தப் பொண்ணு இன்னும் மகிழ்ந்துக்கினு இருந்துச்சு. சுனிதாவ ஏத்திக்கினு வெளிய ரயில் கூவிட்டுப் போச்சு.

ஒன்பது மணிக்கு சரோஜம்மா டீயில பன்ன முக்கித் தின்னுக்கினு இருந்தாங்க. ரூபேஷ் விடல. ட்ரீட்மெண்ட் குடுத்த நேரத்த மட்டும் சொல்லாம மேடத்துகிட்ட காட்டலாம்னு லேப்டாப்ப அந்தம்மா முன்னாடி தொறந்தாரு. அப்ரூவல் மேடம் வீடியோல எட்டிப் பாத்துச்சு.

"பேஷண்ட் நல்லா பேசறாங்க, சாப்பிடறாங்க. மூச்சு நார்மல். ட்ரீட்மெண்ட் தேவையில்ல, ரிஜெக்ட் பண்றேன்."

சரோஜம்மா பன்ன முழுங்கிட்டு, "யாரு டாக்டரே இந்தப் பொண்ணு, நல்லா கீதா?"ன்னு கேட்டாங்க.

டாக்டர் லேப்டாப்ப தன் பக்கம் திருப்பினாரு. "மேடம், மூச்சு விட முடியாதவங்க ஒன்பது மணி வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க"ன்னாரு. சத்தமே போடல. மூடி வச்சிட்டாரு.

கொஞ்ச நேரத்துல சுனிதா போன் பண்ணா. அம்மா எப்படி கீதுன்னு கேட்டு அழறா. டாக்டர் போன சரோஜம்மா கையில குடுத்தாரு. "நாஷ்டா துன்னியாடி?"ன்னு ஆரம்பிச்ச அம்மா அரை மணி நேரம் விடாம திட்டினாங்க. அத்தனைக்கும் மூச்சு இருந்துச்சு.

டாக்டர் கையெழுத்து போடுவாரா மாட்டாரான்னு நெனச்சு நெனச்சு எனக்கு ராத்திரி தூக்கம் புடிக்கல. விடியறதுக்கு முன்ன வாசல் பக்கத்து ரூம்ல வெளிச்சம் தெரிஞ்சுச்சு. போய்ப் பாத்தேன், ஷட்டர் தூக்கியிருக்கு. டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கினு உக்காந்திருக்காரு. கதவு காத்துல அடிச்சுக்காம இருக்க அந்த ஒன்பது மணி போர்டத்தான் முட்டுக் குடுத்திருக்காரு.

பெஞ்சில ரயிலுக்குப் போற நாலஞ்சு பேரு. கடைசியா, பேக்க மடியில வச்சு வயித்தப் புடிச்சுக்கினு மாப்பிள்ளை ரூபேஷ். லீவு முடிஞ்சு அவரும் அந்த ரயிலுக்குத்தான் போவணும்.

"நைட்லேர்ந்து வயித்து வலி ஆன்ட்டி. ட்ரெயினுக்கு முன்ன ஒரு மாத்திரை..."

"கார்டு கீதா தம்பி?"

கீதுன்னு தலைய ஆட்டினாரு.

"அப்போ ஒன்பது மணிக்கு மேல வாங்க"ன்னேன். உள்ள டாக்டர் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. அந்த மாசம் முழுக்க அவர் சிரிச்சு நான் கேக்கல.