மறுமுனையில் கேட்ட சொல்

அவள் கணவன் வேலை செய்யும் மீன் குளிர்கிடங்கிலிருந்து வந்த அழைப்பு அது. ஒரு பெண் மூச்சுவிடாமல் போர்த்துகீசியத்தில் பேசினாள். 'எமெர்ஷென்சியா' என்ற சொல் மட்டும் இவளுக்குப் பிடிபட்டது. அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. கணவனின் போனுக்கு அடித்தால் மணியே போகவில்லை.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஹோட்டல் சலவையறையின் மறுகோடிக்கு ஓடினாள். அங்கே கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைத்துக்கொண்டிருந்தாள் ரேடியோ அக்கா. அங்கே தமிழும் போர்த்துகீசியமும் தெரிந்த ஒரே ஆள். வாய் ஓயாததால் வந்த பெயர். இன்றைக்கென்று பார்த்து அந்த ரேடியோவுக்குத் தொண்டை கட்டியிருந்தது; வெறும் காற்றுதான் வந்தது.

"நீங்க பேசுங்கக்கா."

"இந்தக் குரல்ல பேசினா பேய்னு நெனச்சு போனை வெச்சுடுவாங்க. நீயே கேளு, நான் சொல்லித் தர்றேன்." அக்கா அவள் காதருகே குனிந்தாள். "ரெசெபீ ஊமா ஷமாதா தி எமெர்ஷென்சியா. எனக்கு அவசரமா ஒரு கால் வந்துச்சுன்னு அர்த்தம்."

"ரெசெபீ உம்மா..."

"உம்மா இல்லடி, ஊமா! கொஞ்சுற நேரமா இது?"

சிரிப்பு வரவில்லை. "அவர் நல்லா இருக்காரான்னு எப்படிக்கா கேக்குறது?"

"ஊ மெவ் மரீது ஷ்டா பைங். மரீதுன்னா புருஷன். மருதுன்னு ஞாபகம் வெச்சுக்க."

துணி உலர்த்தும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே முணுமுணுத்துப் பார்த்தாள். மரீது வரும் இடத்திலெல்லாம் நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு அழைத்தாள். அதே பெண் எடுத்தாள். இவள் இரண்டு வாக்கியங்களையும் கொட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"போய்ஷ்..." என்றது மறுமுனை, மெல்ல. "போய்ஷ், போய்ஷ்..."

போச்சு. போச்சு, போச்சு.

அதற்குமேல் எதுவும் காதில் ஏறவில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு, ஈரத்துணிக் கூடைமேல் அப்படியே சரிந்தாள்.

"என்னடி சொன்னாங்க?"

"போச்சுன்னுட்டாங்கக்கா. மூணு தடவ சொல்லிட்டாங்க."

அக்காவின் முகம் வெளிறியது. பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! அவங்க எதுக்குடி தமிழ்ல சொல்லப்போறாங்க? அது போய்ஷ். நாம 'ஆமா', 'ம்ம்' கொட்டுறோம்ல, அந்த மாதிரி. எழுந்திரு, மறுபடி அடி."

விரல் வழுக்கியது. அக்காவே எண்ணை அழுத்தினாள். ஒரு போனுக்கு இருபுறமும் இரண்டு தலைகள். மறுபடியும் ரெசெபீ, மறுபடியும் மரீது. அந்தப் பெண் இம்முறை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். இவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் அக்காவின் பிடி இறுகியது.

"உயிரோட இருக்காரு. மீன் பெட்டியெல்லாம் சரிஞ்சு மேல விழுந்திருக்கு. இன்னும் நினைவு திரும்பலையாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க."

"எந்த ஆஸ்பத்திரி? கேளுங்கக்கா!"

அக்கா வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. "ஓந்த்... எங்கன்னு அர்த்தம்... நீயே..."

"ஓந்த்?" அவள் போனுக்குள் கத்தினாள். "ஓந்த்? ஓந்த்?"

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுமுனை ஒரு பெயரைச் சொன்னது. ஓர் எழுத்தும் பிசகிவிடக் கூடாதே என்று, அதையே திரும்பத் திரும்பச் சொல்லியபடி அவள் வாசலை நோக்கி ஓடினாள்.