கொம்பையாவுக்குக் கடிச்சா ஆவுடைக்கு அரிக்கும்

கோரைக்குளத்துல கொசு கடிக்கிறது ஒரு ஆளை, அரிக்கிறது இன்னொரு ஆளுக்கு. கடிபட்ட ஆளுக்குத் தோல்ல ஒரு தடிப்பு இருக்கும், அவ்வளவுதான். அரிப்பு அதே இடத்துல, வேற வீட்டுல, வேற உடம்புல கிளம்பும். யாரு கடி யாருக்குப் போகும்ங்கிறது பொறக்கும்போதே அமைஞ்சுபோனது. புருசன் பொஞ்சாதி, அண்ணன் தம்பின்னெல்லாம் பாக்காது.

அரிக்கிற ஆளு எவ்வளவு சொறிஞ்சாலும் சொந்தத் தோலுதான் உரிஞ்சு எரியும், அரிப்பு அப்படியே இருக்கும். மருந்தக் கடிபட்ட ஆளுக்குத்தான் பூசணும். அதனால அந்த ஊர்ல விடிஞ்சதும் ஆளாளுக்குக் கிண்ணமும் கையுமா தெருவுல போவாங்க. ஒருத்தங்க கிண்ணத்துல வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சது, இன்னொருத்தங்க கிண்ணத்துல துளசிச் சாறு, கொஞ்சம் அவசரக்காரங்க சின்ன வெங்காயத்த ரெண்டா நறுக்கிக் கையிலயே பிடிச்சிட்டுப் போவாங்க. அடுத்த வீட்டு வாசல்ல நின்னு, "முழங்கையக் காட்டுங்க மதினி, நேத்து ராத்திரிலருந்து உசுரு போகுது"ன்னு கேப்பாங்க. அவங்களும் தோசையத் திருப்பிக்கிட்டே முழங்கைய நீட்டுவாங்க.

சில பேருக்கு வாய்ச்ச ஆளு, அதாவது கடிபடுற ஆளு, தூரத்துல இருக்கும். கணக்கு வாத்தியார் நமச்சிவாயத்துக்கு வாய்ச்ச பொண்ணு கல்யாணமாகி சார்ஜாவுக்குப் போயிட்டா. வாத்தியார் மாசம் ஒரு தடவ மஞ்சளும் வேப்பிலையும் காயவச்சுப் பொடிச்சு பார்சல் அனுப்புவாரு. டீக்கடை சுப்பையாவுக்கு அத விட யோகம். அவருக்கு வாய்ச்ச ஆளு பனி மலையில பட்டாளத்துக்காரன். அங்க கொசுவே கிடையாது. சுப்பையா வருசம் பூரா ஜம்முனு டீ ஆத்துவாரு. பட்டாளத்துக்காரன் லீவுல ஊருக்கு வந்தா மட்டும், அவன் மருந்து பூச ஒரு இடத்துல நிக்க மாட்டான்னு, முப்பது நாளைக்குக் கடைய மூடிட்டு, ஈரச் சாக்க மேல சுத்திக்கிட்டு வீட்டுக்குள்ள உக்காந்துக்குவாரு. அந்த ஒரு மாசம் ஊருக்கே டீ கிடையாது. யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. அவரு கஷ்டம் அவருக்கு.

சொல்ல வந்தது ஆவுடையம்மா கதை. ஆவுடைக்கு முப்பத்தெட்டு வயசு. புருசன் நூல் மில்லுல ஷிப்ட்டுக்குப் போறவர். இவளுக்கு கீழப்பாறை பால் சொசைட்டியில பால் டெஸ்ட் எடுக்குற வேலை கிடைச்சிருந்துது. கீழப்பாறைக்குப் பஸ் கிடையாது. சொசைட்டி செகரட்டரி தெளிவாச் சொல்லிட்டாரு: "ஒன்னாந்தேதிக்குள்ள லைசென்ஸ் காட்டுனா வேலை உங்களுக்கு. இல்லன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவேன் தாயி, பால் நமக்காகக் காத்திருக்காது."

ஸ்கூட்டர் ஓட்டுறது அவளுக்குப் பிரச்சினையே இல்ல. ஆடு குறுக்க வந்தாலும் ஒரு ஆட்டம் ஆடாம நிறுத்துவா. எட்டு போடுறதுதான் தகராறு. எட்டு போடும்போது கால் தரையில படக் கூடாது, கை ஹேண்டில விட்டு எடுக்கக் கூடாது. மொத தடவ ரெண்டாவது வளைவுல இடது குதிங்கால்ல சுள்ளுன்னு அரிப்பு வந்து, கால ஊணிட்டா. ரெண்டாந்தடவ முழங்கை. மூணாந்தடவ மறுபடியும் குதிங்கால். மூணு தடவையும் காலையில பத்து மணிக்கு. பிரேக் இன்ஸ்பெக்டர் நோட்டுல எழுதிக்கிட்டே, "கடிக்கிறது யாரையோ இருக்கட்டும்மா, ஊணினது உங்க காலு"ன்னாரு. அதுவும் நியாயந்தானே.

நாலாவது டெஸ்ட் வெள்ளிக்கிழம. அதுக்கப்புறம் ஒன்னாந்தேதி வந்துரும்.

ஆவுடை வீட்டுக்கு வந்து சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டா. "பாருங்க, எனக்கு வாய்ச்ச அந்த ஆளு எவனா இருந்தாலும் இந்த வாரத்துக்குள்ள கண்டுபிடிக்கேன்"னு புருசன்கிட்டச் சொன்னா. "முப்பத்தெட்டு வருசமாத் தேடாத ஆளா?"ன்னாரு அவரு. "இவ்வளவு நாளும் எனக்கு வேலை இல்ல, உக்காந்து சொறிஞ்சேன். இப்ப வேலை இருக்கு."

ஆளக் கண்டுபிடிக்க ஐஸ் வச்சுப் பாக்குறதுதான் வழி. அடுத்தவங்க தடிப்புல ஐஸ் வைக்கணும், நம்ம உடம்புல அதே இடம் சில்லுன்னா நம்ம ஆளு அவங்கதான். ஆவுடை, புருசன் மில்லுக்குக் கொண்டுபோற பிளாஸ்க்கப் பிடுங்கி, ஐஸ்கட்டிய ரொப்பிக்கிட்டு கிளம்பினா. திங்கள்கிழம இருபத்தாறு குதிங்கால். செவ்வாக்கிழம இருபத்தஞ்சு. ரேஷன் கடை வரிசையில நின்ன அத்தன பேரும் செருப்பக் கழட்டிக் கால நீட்டிக் கொடுத்தாங்க. ஒன்னும் சில்லுங்கல. தபாலாபீஸ் கோமதி காலுல ஐஸ் வச்சப்போ ஒரு சந்தேகம், வெங்காயத்தையும் தேய்ச்சுப் பாத்தா. இவளுக்கு ஒன்னும் ஆகல. ஆனா மறுநாள் காலையில இவ வாசக் கதவுல ரெண்டு முழம் பிச்சிப்பூ தொங்குச்சு. கோமதி கடி போய்ச் சேருற மகராசி யாரோ, ராத்திரி நல்லாத் தூங்கியிருக்கா. ஆவுடை பூவத் தலையில வச்சுக்கிட்டு மறுபடியும் கிளம்பினா.

புதன்கிழம குளத்தங்கரையில கொம்பையா உக்காந்திருந்தாரு. கரண்டு ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு, அறுபத்தொன்னு வயசு. கையில தூண்டில் கம்பு. இடது காலு கோரைப் புல்லுக்குள்ள. அந்தப் புல்லுக்குள்ளதான் ஊர்க் கொசுவெல்லாம் குடியிருக்கு.

"அண்ணாச்சி, இடது குதிங்காலக் காட்டுங்க."

அவரு தூண்டில் மிதப்பையே பாத்துக்கிட்டு கால மட்டும் இந்தப் பக்கம் நீட்டுனாரு. குதிங்கால்ல மட்டும் பதினோரு தடிப்பு. ஐஸ வச்சா. ஆவுடைக்கு உள்ளங்காலுலருந்து உச்சந்தல வரைக்கும் சில்லுன்னு ஏறிச்சு.

"நீங்கதானா அது!"

"நாந்தான் போலுக்கு. எம்புட்டு நாளா அரிக்கி?"

"முப்பத்தெட்டு வருசமா."

"எனக்கு அறுபத்தொன்னு ஆச்சே. அப்ப நீ பொறக்கிறதுக்கு முன்னால இருபத்திமூணு வருசம் கடிச்சதெல்லாம்?"

"காத்துல போயிருக்கும்."

"பாவம், வீணாப் போயிட்டு."

ஆவுடை விசயத்தச் சொன்னா. வெள்ளிக்கிழம பத்து மணிக்கு ஒரே ஒரு நாள் வீட்டுக்குள்ள வலையக் கட்டிக்கிட்டு இருங்கன்னு கேட்டா. கொம்பையா முடியாதுன்னு தலைய ஆட்டிட்டாரு. அந்தக் குளத்துல ஒரு விரால் இருக்கு, ஒம்பது வருசமா அவருக்கு டிமிக்கி குடுக்குது. அது மேல வந்து மூச்சு வாங்குறது காலையில பத்து மணிக்கு, இந்தக் கோரைப் பக்கத்துல. வெயில் ஏற ஏற தண்ணி வத்துது. இந்த வாரம் விட்டா அது சேத்துக்குள்ள போயிரும், பெறகு மழை வந்தாத்தான்.

"ஒனக்கு லைசென்ஸ் எப்படியோ, எனக்கு அந்த விரால் அப்படி. வேணும்னா மருந்து பூசு. ஆனா மீனுக்கு வாசம் பிடிக்கணும். இல்லன்னா கிட்ட வராது."

சரின்னுட்டா ஆவுடை. அன்னைக்கு மத்தியானமே எல்லாக் கிண்ணத்தையும் கொண்டு வந்து ஒவ்வொன்னாத் தண்ணி ஓரத்துல வச்சா. வெங்காயத்துக்குக் குஞ்சு மீனெல்லாம் அக்கரைக்கு ஓடிட்டு. வேப்பிலைக்கும் அதே கதி. துளசிய ஒரு கெண்ட வந்து மோந்து பாத்துட்டுத் தும்முச்சு. ஆப்பச் சோடாவக் கரைச்சதும் தண்ணி வெளுத்துட்டு. தேங்காண்ணைக்கு மீன் வந்துது, ஆனா கொசுவும் கூட்டமா வந்துது. கடைசியாத் தோட்டத்துல பிடுங்கின சோத்துக் கத்தாழ. தோல சீவி உள்ள இருக்குற சோத்த எடுத்துத் தண்ணியில விட்டா. மீன் சட்ட பண்ணாம அது பாட்டுக்கு மேஞ்சுது. கொம்பையா முழங்கால்ல பூசிப் பாத்தாங்க. கொசு வந்து உக்காந்துது, வழுக்கிக் கீழ விழுந்துது.

"இது போதும்"னா ஆவுடை.

வெள்ளிக்கிழம விடியமுன்ன ஒரு அண்டாக் கத்தாழையோட கொம்பையா வீட்டுல போய் நின்னா. அவரு பொஞ்சாதி செண்பகமும் கூடச் சேந்துக்கிட்டாங்க. காலுக்கு மட்டும் பூசினா கொசு கைக்குப் போகும், கைக்குப் பூசினா கழுத்துக்குப் போகும். அதனால உச்சிலருந்து உள்ளங்கால் வரைக்கும், காதுக்குப் பின்னால, விரல் இடுக்குல, ஒரு இடம் விடாமப் பூசினாங்க.

"கல்யாணத்தன்னைக்குக் கூட இந்த மனுசன் இம்புட்டுப் பளபளன்னு இல்ல"ன்னாங்க செண்பகம்.

"நீ அன்னைக்கு என்னைய எங்க பாத்த? நகையத்தான பாத்த"ன்னாரு கொம்பையா.

மிச்சக் கத்தாழைய ஒரு சட்டியில போட்டு, "எங்கயாவது அழிஞ்சா உடனே பூசிக்கோங்க அண்ணாச்சி, மறந்துராதீங்க"ன்னு அவரு பக்கத்துல வைக்கச் சொல்லிட்டு ஆவுடை கிளம்பினா.

அவரு உடம்பு பூராவும் பழைய தடிப்புதானே. அதனால கத்தாழக் குளுமை முழுக்க இவளுக்கு வந்துட்டு. சித்திர வெயில்ல பல்லு கிட்டிச்சு. புருசன் ஸ்வெட்டர மாட்டி, காதுல மப்ளர் சுத்திக்கிட்டு மைதானத்துல போய் நின்னா.

பிரேக் இன்ஸ்பெக்டர் ஏற இறங்கப் பாத்தாரு. "யாருக்குப் பூசியிருக்கு?"

"கொம்பையா அண்ணாச்சிக்கு சார்."

"ஸ்வெட்டருக்குத் தடையில்ல. மப்ளரக் கழட்டிட்டு ஹெல்மெட்டப் போடுங்க."

பத்து மணிக்கு வண்டிய எடுத்தா. மொத வளைவு முடிஞ்சுது. நடுக்கோட்டத் தாண்டி ரெண்டாவது வளைவு. குதிங்கால் ஐஸ்பெட்டியில வச்ச மாதிரி சுகமா இருக்கு. அப்பதான் ரெண்டு புருவத்துக்கும் நடுவுல, ஹெல்மெட் கண்ணாடிக்கு உள்ள, ஒரு அரிப்பு கிளம்பிச்சு. அங்ஙன கொம்பையா வேர்வையோட கத்தாழையையும் நெத்தியிலருந்து துண்டால துடைச்சுட்டாருன்னு இவளுக்கு உடனே புரிஞ்சுபோச்சு. சாதாரணமான அரிப்பு இல்ல. மூளையில எறும்பு போற மாதிரி. கண்ணுலருந்து தண்ணி கொட்டுது, கோடு ரெண்டு ரெண்டாத் தெரியுது.

ஆவுடை ஹேண்டில இறுக்கிப் பிடிச்சா. "அரி"ன்னா பல்லக் கடிச்சுக்கிட்டு. "நல்லா அரி. இன்னும் ஒரு சுத்து இருக்கு எனக்கு. நீ அரிச்சு முடி, நான் சுத்தி முடிக்கேன். யாரு மொதல்லன்னு பாப்போம்." மூஞ்சி ஒரு பக்கமாக் கோணுது, மூக்கு துடிக்குது, காலு மட்டும் பலகைய விட்டு எழும்பல. கடைசி வளைவுக்குப் பாதி இருக்கும்போது, நெத்தியில யாரோ ஒரு கை குளிர்ந்த தண்ணிய அள்ளி அப்புன மாதிரி சில்லுன்னு ஆச்சு. அரிப்பு போயிட்டு. கோடு ஒன்னாச்சு. வண்டியக் கொண்டாந்து இன்ஸ்பெக்டர் செருப்புக்கு ஒரு சாண் முன்னால நிறுத்தினா.

"பாஸ்"னாரு அவரு.

ஸ்வெட்டரக் கூடக் கழட்டாம நேரா குளத்தங்கரைக்குப் போனா. கொம்பையா கம்ப மடியில வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தாரு. தூண்டில் நரம்பு அறுந்து தொங்குது. நெத்தியில மட்டும் கத்தாழ ஒரு குவியல் காஞ்சு ஒட்டியிருந்துது.

"மீனு?"

"மாட்டுச்சு. பெருசு. கம்பு வளைஞ்சு தண்ணியத் தொட்டுட்டு. ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தேன். அந்நேரம் பாத்து நெத்தியில கொசு."

"பெறகு?"

"மணியப் பாத்தேன். பத்து அஞ்சு. ஒரு கைய எடுத்தேன்."

ஆவுடை ஸ்வெட்டரக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு அவரு பக்கத்துல உக்காந்தா.

"ஏழு கிலோ இருக்கும்"னாரு கொம்பையா. "காலு ஊணலியே?"

"ஊணல அண்ணாச்சி."

"அப்பச் சரி."

ஒன்னாந்தேதி காலையில ஆவுடை லைசென்ஸ உள்ளூர்ல செகரட்டரி வீட்டு மேசையில வச்சா. அவரு கண்ணாடியப் போட்டு முன்னும் பின்னும் பாத்துட்டு, பால் டெஸ்ட் பண்ணுற குழாயையும் சாவியையும் எடுத்து நீட்டுனாரு. ஆவுடை ஸ்கூட்டர்ல போய் கீழப்பாறையில இறங்கினா. பால் கேனெல்லாம் வரிசையா நின்னுது. கேன்காரம்மா ஒருத்தங்க சிரிச்ச முகமா வந்து, "சாப்பிட்டீங்களா தாயி?"ன்னு கேட்டாங்க.

"இல்லக்கா, அவசரத்துல அப்படியே வந்துட்டேன்."

"ஒங்களுக்கு யாரு சாப்பிடணும்?"

"நான் ஊருக்குப் புதுசு. ஆள் யாருன்னு தெரியல."

"அப்ப மாடசாமி அண்ணன்தான். வெளியூர்க்காரங்களுக்கெல்லாம் அவருதான் சாப்பிடுவாரு."

ஒல்லியா ஒரு மனுசன் கை கழுவிட்டு வந்து பெஞ்சுல உக்காந்தாரு. இட்லி ஆறு வச்சாங்க, சட்னி ஊத்துனாங்க. அவரு நிதானமாச் சாப்பிட்டாரு. அஞ்சாவது இட்லியில ஆவுடைக்கு வயிறு நிறைஞ்சுட்டு, "போதும் அண்ணாச்சி"ன்னா. அவரு ஆறாவத அப்படியே வச்சுட்டு எழுந்து கை கழுவப் போனாரு.

ஆவுடைக்கு ஒரு ஏப்பம் வந்துது. "சட்னிக்கு இன்னும் கொஞ்சம் உப்பு வேணும்க்கா"ன்னு சொல்லிட்டு, மொத கேன் மூடியத் திறந்தா.