குறி மாறும் மூலை

விளிம்பு முழுதும் இறுக்கிப் பிடித்த சதுரத் தகடு நடுவில் மெல்ல மேலே எழும்புகிறது, எழும்பட்டும், அது எதிர்பார்த்ததுதான், ஆனால் நான்கு மூலைகளிலும் மயிரிழை அளவு கீழே இறங்குகிறதே, இறங்கினால் எல்லாம் போச்சே என்று ஜெசிந்தா பதறி விழித்தபோது டெம்போ வள்ளியூரைத் தாண்டிக்கொண்டிருந்தது, பின்னால் நாற்பது பேருக்குச் சாப்பாடு, ஓட்டிக்கொண்டிருந்த கணவன் தேவசகாயம், ஏட்டி, வைவாவுக்குப் போற அன்னைக்கா இப்படித் தூங்குவ என்று சிரித்தான், முனைவர் பட்டத்துக்கான ஏழு வருஷ ஆராய்ச்சி, வாய்மொழித் தேர்வுக்கு முன்பே, கனவிலேயே உடைந்துவிட்டதை அவனிடம் எப்படிச் சொல்வது, முடிவு வரும் முன்பே விருந்து வந்துவிட வேண்டும், அவள் துறையில் அதுதான் வழக்கம்.

இழுத்துக் கட்டிய மேளத்தோல் மிக மெதுவாக அதிரும்போது முழுதும் ஒரே பக்கம்தான் எழும்பும், இரண்டாம் வரிசைச் சமன்பாடு அவ்வளவு சாது, நான்காம் வரிசைத் தகடு அப்படிக் கட்டுப்படாது, கூர்மையான மூலையில் கூட்டல் கழித்தலாகிக் குறி மாறிவிடும், இது தெரியாதவளா அவள், முதல் வருஷமே படித்தவள், இருந்தும் காய்ச்சலில் அனத்திய மகளைத் தேவசகாயம் தோளில் போட்டு உலாத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஆய்வேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில், தகட்டின் மிக மெதுவான முதல் அதிர்வு எங்கேயும் குறி மாறாது என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டாள், பாவி, எழுதியதோடு நின்றாளா, அதைக்கொண்டு வகுத்தாள், வகுத்ததன் மேல் ஐகன் மதிப்புகளுக்கு, அதாவது தகடு எந்தெந்த வேகத்தில் அதிரும் என்று சொல்லும் எண்களுக்கு, வரம்பு கட்டினாள், ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து அத்தியாயம், எல்லாமே அந்த ஒரு வரியின் தலையில்.

நல்ல வேலைம்மா, எனக்குக் கேள்வியே இல்ல என்று வைவா முடிவில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் சொல்கிறார், வழிகாட்டி சுந்தரவரதன் பெருமையாகத் தலையாட்டுகிறார், பேசாமல் மேடையை விட்டு இறங்கிவிடு ஜெசிந்தா, பட்டம் வந்தால்தான் கல்லூரியில் வேலை நிரந்தரம், யார் படிக்கப்போகிறார்கள் நாற்பத்தொன்றாம் பக்கத்தை, ஒருத்தரும் படிக்க மாட்டார்கள், ஐயோ, யாராவது ஒருத்தர் படித்து, நம்பி, தன் ஏழு வருஷத்தையும் அதன் மேல் கட்டினால், கர்த்தாவே, நான் ஏன் தூங்கினேன், தூங்காமல் இருந்திருந்தால் தெரியாமலே இருந்திருக்குமே.

அவள் கை சாக்பீஸை எடுத்துவிட்டது, பலகையில் சதுரம் போட்டு, மூலையில் ஒரு கழித்தல் குறி போட்டு, சபையில் வழக்கமான ஆங்கிலத்தில், நாற்பத்தொன்றாம் பக்கம் தவறு, சதுரத்துக்கே அது நிற்காது, அதற்குப் பிறகு வருவது எதுவும் நிற்காது என்று சொன்னாள், சும்மா இரும்மா, முடிஞ்சுபோச்சு என்று சுந்தரவரதன் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார், தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தார், மறுபடியும் படித்தார், பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள், அவள் ஆங்கிலத்தில் சொன்னது ஒன்றும் பிடிபடாமல், எல்லாம் நல்லபடியாக முடிந்ததென்று நினைத்துத் தேவசகாயம் கடைசி வரிசையில் எழுந்து நின்றான், வாயெல்லாம் பல்லாக, கண்ணெல்லாம் நீராக, அவன் ஒருவன் மட்டும் கை தட்டினான், தட்டிக்கொண்டே இருந்தான்.