மூன்றாம் டிரையல் ரூமில் தர்ணா

என் அண்ணன் ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். அந்தக் கடையின் மூன்றாம் டிரையல் ரூம் கண்ணாடியைத் தள்ளினால் வேறொரு உலகம் திறக்கும் என்பதை அவன்தான் கண்டுபிடித்தான். கண்டுபிடித்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்தானா? அக்காவிடம் உளறினான். அக்கா என்னிடம் உளறினாள். ஒரு மதியம், போட்டுப் பார்க்கிற சாக்கில் ஆளுக்கொரு சட்டையை எடுத்துக்கொண்டு மூவரும் நுழைந்துவிட்டோம்.

அந்தப் பக்கத்து வாசலில் ஒரு காவல்காரர் கம்புடன் நின்றார். காது இரண்டும் தோள்வரை தொங்கின. ஆள் நல்லவர்தான். யார், என்ன வேலை என்று கேட்டார். அண்ணன் சொன்னான். அக்கா மருந்துக்கடையில் இருப்பதைச் சொன்னாள். என் முறை வந்ததும் அண்ணன் முந்திக்கொண்டான்.

"இவளா? எங்க வீட்டு தண்டச்சோறு. திங்கறது, தூங்கறது, வேற ஒண்ணும் கிடையாது."

படிப்பு முடிந்து வேலை கிடைக்காத நாளிலிருந்து வீட்டில் எனக்கு இதுதான் பெயர். சிரித்துவிட்டுப் போவேன். அன்று ராத்திரி ஒரு தோசை குறைத்துச் சாப்பிடுவேன்.

ஊர் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. மேகங்கள் முழங்கால் உயரத்தில் நகர்ந்தன. மிதித்தால் ஏப்பம் விட்டன. அக்கா ஒரு மேகத்தின்மேல் குட்டித் தூக்கமே போட்டாள். திரும்பும்போதுதான் வினை.

காவல்காரர் கம்பை நீட்டி என்னை மட்டும் மறித்தார். "நீங்க ரெண்டு பேரும் போகலாம். இந்தப் பொண்ணு இங்கயே இருக்கட்டும். உங்களுக்கும் சுமை குறையும்."

அந்த ஊரில் யாரும் யாரையும் கேலி செய்வதில்லையாம். வீட்டார் ஒன்று சொன்னால் அது உண்மை.

"ஐயோ சார், நான் சும்மா சொன்னேன்!" என்று பதறினான் அண்ணன்.

"அப்ப இவளால வீட்டுக்கு என்ன பிரயோஜனம்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, விட்டுடறேன்."

அண்ணன் அக்காவைப் பார்த்தான். அக்கா அண்ணனைப் பார்த்தாள்.

"டீ போடுவா," என்றாள் அக்கா.

"அதைக் குடிக்க முடியாதே," என்று அந்த நேரத்திலும் நியாயம் பேசினான் அண்ணன்.

அவர்கள் யோசிக்க யோசிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்புக்குக் கீழே, வாசற்படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம். என் வீட்டுக்குப் போறதுக்கு நான் எதுக்குப் பிரயோஜனமா இருக்கணும்? இப்படியேதான் போவேன்."

"எழுந்திரும்மா. படியில ஆள் இருந்தா கதவைச் சாத்த முடியாது."

"தெரிஞ்சுதான் உட்கார்ந்திருக்கேன்."

கடைப் பக்கமிருந்து டிரையல் ரூம் கதவு இடிபட்டது. "என்ன, உள்ளயே தூங்கிட்டீங்களா?" என்று யாரோ ஒரு அம்மா கத்தினார். திறந்திருந்த கண்ணாடி வழியே மேகங்கள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டி டிரையல் ரூமுக்குள் நழுவின. காவல்காரருக்கு வேர்த்தது.

"எவ்வளவு நேரம்மா உட்காருவே?"

"எனக்கென்ன வேலையா வெட்டியா? நாள் பூரா உட்காருவேன்."

அவர் கம்பைத் தூக்கிவிட்டார். "தாயே, போ."

அண்ணனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "ஏய் தண்டச்சோறு, வா வா, சூப்பர்வைசர் வந்துடுவார்!"

நான் அசையவில்லை.

"அதான் அவர் விட்டுட்டாரேடி!" என்றாள் அக்கா.

"அவர் விட்டுட்டார். நீங்க விடலையே. அண்ணா, பேரைச் சொல்லிக் கூப்பிடு."

கதவில் இப்போது சூப்பர்வைசரின் குரலும் சேர்ந்துகொண்டது. அண்ணன் வேலை போய்விடும்போல் இருந்தது. போகட்டும், வீட்டில் எனக்குத் துணையாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் என் பக்கத்தில் குந்தினான். என் பெயரை முழுதாக, மெதுவாகச் சொன்னான். அவன் வாயால் அதைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

"இன்னொரு தடவை," என்றேன்.